வாடிவாசலும் மாட்டுக்கொட்டிலும்

தை பிறந்ததும் மதுரைச் சீமையில் காளைகளின் பருவம் தொடங்கிவிடுகிறது. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என மூன்று ஊர்கள் முறை வைத்துச் சல்லிக்கட்டு நடத்துகின்றன. சிராவயல் மஞ்சுவிரட்டு, புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்கள் என்று கோடை வரையில் அது நீளும். சித்திரையில் காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்தில் பெரிய மாட்டுச் சந்தையும் கூடுகிறது. குனோங் லேடாங் மலையடியில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் வாழும் நமக்கோ இப்பருவமெல்லாம் கைப்பேசித் திரையில் வந்து சேருகிறது.

2014ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததையும், 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் மாணவர் திரண்டதையும், 2023 மே 18ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் செல்லுமெனத் தீர்ப்பளித்ததையும் நேயர்கள் அறிவார்கள். அன்று மலேசியத் தமிழரும் குரல் கொடுத்தனர். அவ்வழக்கை மறுபடியும் விசாரிக்க நாம் புகவில்லை. நாம் எடுத்துக்கொண்டது ஒரு சிறு புத்தகம்: சி. சு. செல்லப்பா எழுதி 1959இல் வெளிவந்த ‘வாடிவாசல்’. காளையின் பெயரால் முழக்கமிட்டவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பர் என்று கேட்டால் பலருக்குச் சங்கடமாக இருக்கும்.

கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்து முடிகிறது. ஜமீன்தாருடைய காரிக் காளை, முன்னொரு சல்லிக்கட்டில் அம்புலி என்ற பேர்பெற்ற மாடுபிடி வீரனைக் குத்திச் சாய்த்திருக்கிறது. அவன் மகன் பிச்சி, மைத்துனன் மருதனோடு அக்காளையை அணையவென்றே வந்து வாடிவாசலில் காத்து நிற்கிறான். காளைகள் ஒவ்வொன்றாக வருகின்றன, போகின்றன. அருகில் நிற்கும் கிழவர் ஒருவர் மாடுகளின் குலமுறையை நாவில் வைத்திருக்கிறார். கடைசியில் காரி வருகிறது. பிச்சி அதை அணைந்துவிடுகிறான். ஜமீன்தார் சபையறிய அவனுக்கு மரியாதை செய்கிறார். அதன் பின்பு, ஆற்றுப்பக்கம் ஓடிப்போன தம் காளையைத் தம் கையாலேயே சுட்டுக் கொல்கிறார்.

இத்துப்பாக்கிச் சத்தத்தில்தான் நூலின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. பிச்சிக்கும் காரிக்கும் உண்மையில் என்ன பகை? காட்டில் எதிர்ப்பட்டிருந்தால் ஒன்றையொன்று விலகிப் போயிருக்கும் இரண்டு உயிர்கள். இவற்றைப் பகையாக்கியது மேடைமேல் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய கௌரவம். களத்தில் இரத்தம் சிந்துவோன் ஒருவன், வெற்றி தோல்வியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வோன் மற்றொருவன். தன் திமில்மீது அந்நியன் கை பட்டதற்காக அந்தக் காளை சாகவில்லை. தம் பெயர்மீது பட்டதாக ஜமீன்தார் கருதியதனால் செத்தது.

செல்லப்பா இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் போன்ற சீர்திருத்தக்காரர் கையில் இக்கதை அகப்பட்டிருந்தால் ஜமீன்தாருக்கு எதிராக நான்கு பக்கப் பிரசங்கம் நடந்திருக்கும். கிழவரும் மாட்டை மறந்து பொதுவுடைமை பேசியிருப்பார். நல்லவேளையாக ஆசிரியர் அப்படிச் செய்யவில்லை. ஜமீன்தார் கொடியவராகவும் காட்டப்படவில்லை. தம் அந்தஸ்து எதைக் கேட்டதோ அதைச் செய்த கனவானாகவே நிற்கிறார். ஆகையால்தான் அவர்மேல் நமக்கு ஏற்படும் அச்சம் எளிதில் நீங்குவதில்லை.

சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். நூல் வந்தது அதற்குப் பதினொரு ஆண்டு கழித்து. இது பழங்கதைதானே என்று தள்ளிவிட இடமில்லை. மந்திரி பதவி வகித்தோரும் பெருஞ்செல்வரும் வளர்க்கும் காளைகள் இன்று அவரவர் பெயரோடு அவிழ்த்துவிடப்படுகின்றன. அவனியாபுரத்தில் விழாவை நடத்தும் உரிமை எவருக்கென்ற சச்சரவு உயர்நீதிமன்றம் வரை போய், அரசாங்க அதிகாரிகளே நடத்தும்படி ஆயிற்று. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024 சனவரியில் பெரிய அரங்கமொன்று திறக்கப்பட்டது. காளை பிடித்தவனுக்குக் கார், காளைக்காரனுக்கு டிராக்டர் என்று பரிசும் உயர்ந்துவிட்டது. மேடை மட்டும் மேடையாகவே இருக்கிறது.

கடல்கடந்த நாட்டிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். அமெரிக்காவின் ரோடியோ ஆட்டங்களில் துள்ளும் காளைமேல் ஏறியவன் எட்டு விநாடி தாங்கவேண்டும். நூறு மதிப்பெண்ணில் ஐம்பது அவனுக்கு, ஐம்பது காளைக்கு. காளையின் ஆற்றலுக்குப் பாதி மரியாதை! டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் 1932 முதல் நடைபெறும் கால்நடைக் காட்சிச் சங்கத்தார், 1957 முதல் மாணவர்களுக்குப் படிப்புதவியும் அளித்து வருகின்றனர். அங்கும் மிருகங்களை வருத்துவதாகக் கண்டனம் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் காளையால் வந்த பணம் ஒரு பிள்ளையின் கல்லூரிச் சம்பளமாக மாறுவது, ஒரு கனவானின் மீசைக்கு முறுக்கேற்றுவதைக் காட்டிலும் மேலானதென்றே கருதுகிறோம்.

இனி நூலின் குறையைச் சொல்லவேண்டும். காரிக்கு வாடிவாசல் இருக்கிறது, கொட்டில் இல்லை. அதற்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தவர் யார்? சாணம் வாரியவர் யார்? குத்துக்கு அஞ்சாமல் நெற்றியைத் தடவிக் கொடுத்தவர் யார்? துப்பாக்கி வெடித்தபோது எவளோ ஒருத்தி ஏதோ ஒரு கொட்டிலில் அழுதிருக்க வேண்டும். அவளுக்கு இப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. மதுரைப் பக்கத்தில் சல்லிக்கட்டுக் காளைகளைப் பிள்ளைபோல் வளர்க்கும் பெண்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

பழைய இலக்கியம் இவ்விஷயத்தில் சற்றே கண் திறந்திருந்தது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் காளைகளை வளர்த்த கன்னியரே காளையோடு சேர்த்துச் சுட்டப்படுகின்றனர். கலித்தொகையின் முல்லைக்கலியில் நல்லுருத்திரனார் பாடிய பதினேழு பாட்டுகளுள் முதல் ஏழும் ஏறு தழுவுதலைப் பாடுகின்றன. கொம்புக்கு அஞ்சுவோனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்பதை நம் பண்டிதர்கள் மேடைதோறும் எடுத்துரைப்பார்கள். அதே பாட்டுகளில் குடல் சரிய விழுந்தோரைப் பற்றிப் புலவர் ஒளிக்காமல் பாடியிருப்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். பெண்ணைப் பந்தயப் பொருளாக்கிய வழக்கத்தை வீரமென்று பாராட்ட நம்மால் இயலாது. காளையை வளர்த்தவள் அவளே என்பதை மறவாத அளவுக்குப் புலவரைப் பாராட்டுவோம்.

இதைத் தோட்டத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டுப் பசு வளர்த்தோர் நம் முன்னோர். விடியுமுன் பால் கறந்து, பிறகு பால்மரம் வெட்டப் போய், மாலையில் புல்லறுத்துச் சுமந்து வந்த பெண்களின் உழைப்பில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடந்ததுண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறியபோது மாட்டை விற்றுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ! வாடிவாசலைப் பற்றி நமக்கு ஓர் உயர்ந்த நூல் கிடைத்திருக்கிறது. மாட்டுக்கொட்டிலைப் பற்றிய நூலைச் செல்லப்பா எழுதவில்லை. அதை எழுதும் அனுபவம் தங்காக் வட்டாரத்திலும் இருக்கிறது.

‘வாடிவாசல்’ நூறு பக்கத்துக்கும் குறைவு. ஒரு பொழுதில் படித்துவிடலாம். தமிழ் வாசிக்க இயலாத பிள்ளைகளுக்கு ந. கல்யாண் ராமன் ஆங்கிலத்தில் பெயர்த்தது 2013இல் வந்துள்ளது. ஆயினும் மதுரைப் பேச்சின் மணம் மூலத்தில்தான் கமழும். வீட்டில் மாடு வளர்த்த பாட்டி ஒருத்தி இருந்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். அகராதியில் அகப்படாத மாட்டு வார்த்தைகளுக்கு அவள் பொருள் சொல்லுவாள்.