தேருக்கு மறம் உண்டோ?

தும்பைத் திணையில் தானை, யானை, குதிரை என மூன்றன் நிலையையே தொல்காப்பியர் ஓதினார், தேரை விடுத்தார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ தேர்மறத்தையும் தனித் துறையாக்கினார். நாற்படையுள் ஒன்றை விடுத்தது குறையன்றோ எனின், அன்று. ஆளுக்கும் களிற்றுக்கும் குதிரைக்கும் அச்சம் உண்டு. அதனை வெல்வதே மறம். தேரோ குதிரை ஈர்க்க ஓடும் மரம். ஐயனாரிதனார் துறையும் வேந்தன் தேரின் சிறப்பையே உரைக்கின்றது.

மறமுடைய படைகளே ஒன்றையொன்று மதிக்க வல்லவை. முயலை எய்த அம்பினும் யானைக்குத் தவறிய வேலை ஏந்துதல் இனிதென்றார் வள்ளுவர். அங்கே வேலேந்திய வீரனோடு, அவன் வெல்லமாட்டாத களிறும் உயர்கின்றது. எதிர்நின்றாரைத் தாழ்த்தித் தம்மை உயர்த்துதல் தமிழ் மறம் அன்று. புறத்திணை பயிற்றும் ஆசிரியர் துறைப்பெயர்களோடு இதனையும் உணர்த்துவாராக.