மின்வாய்க்குத் தெரியாத சோர்வு

தோலில் ஒட்டிய இரண்டு மின்வாய்களே தசை களைத்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை, விளையாட்டு ஆய்வகங்களிலும் தொழிலாளர் உடல்நல ஆய்வுகளிலும் வேரூன்றியிருக்கிறது. இ.எம்.ஜி. என்னும் தசை மின்பதிவு அருமையான கருவிதான். ஆனால் வலு குறைவதைத்தான் சோர்வு என்கிறோம். அந்த வலுவை அளக்காமல் மின்பதிவை மட்டும் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அதன் பெருமை. ஒருவர் முழங்கையை மடக்கி, தன் முழு வலுவில் பாதியைச் செலுத்தி அசையாமல் பிடித்திருக்கிறார். முடி மழித்து ஸ்பிரிட்டால் துடைத்த புஜத்தில், 20 மி.மீ. இடைவெளியில் மின்வாய்கள். விசை துளியும் மாறவில்லை. ஆனால் நேரம் போகப்போகத் திரையில் அலைகள் உயர்கின்றன, அகன்று மெதுவாகின்றன. களைத்த நார்களுக்குக் கைகொடுக்க நரம்பு மண்டலம் புதிய நார்களை வேலைக்கு இழுப்பதால் உயரம் கூடுகிறது. நாரின் மீது வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் ஓடும் மின்துடிப்பு வேகம் தளர்வதால் அலை அகல்கிறது. இந்த மந்தத்தை ஜெர்மனியின் ஹான்ஸ் பைப்பர் 1912-லேயே எழுதிவைத்தார். பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்லோ டி லூக்கா, இடைநிலை அதிர்வெண் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு அதைப் பின்தொடரும் முறையை வளர்த்தெடுத்தார். கை தளர்ந்து விழுவதற்கு வெகு முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. வலுமானி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது.

சிக்கல் எங்கே? 1954-இல் பி. ஏ. மெர்ட்டன் கட்டைவிரலை உள்ளிழுக்கும் தசையைக் களைக்கவைத்து, மணிக்கட்டில் நரம்பைத் தூண்டிப் பார்த்தார். வலு வெகுவாகச் சரிந்திருந்தது. தூண்டலுக்கு எழுந்த மின்துடிப்போ பெரிதாகக் குறையவில்லை. கட்டளை தசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழுது அதற்கும் உள்ளே இருந்தது. 1977-இல் எட்வர்ட்ஸும் மெர்ட்டன் உள்ளிட்ட சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: கடும் உழைப்புக்குப் பிறகு, குறைந்த அதிர்வெண் தூண்டலுக்குத் தசை தரும் விசை பல மணி நேரம் மீளாமல் கிடக்கும். அன்றாட வேலைகளுக்கு நாம் நம்பியிருப்பது அந்த வகை விசையைத்தான். தசைக்குள் கால்சியம் விடுபடுவது குன்றுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. மின்வாய்க்கு அது எட்டாது. இடைநிலை அதிர்வெண்ணோ சில நிமிட ஓய்விலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதை நம்பி ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு இடைவேளை வகுத்தால், களைத்த கையைத்தான் மறுபடி மூட்டைக்கு அனுப்புவோம். இந்த முறையின் ஆகப் பெரிய குறை என்று நான் கருதுவது இதுதான்.

மற்ற குறைகள் தெரிந்தவை. தோலடிக் கொழுப்பு அலையை மழுக்கும். குளிர் அதை மெதுவாக்கும். கை அசைந்தால் மின்வாய்க்குக் கீழே தசையே நகர்ந்துவிடும். ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

வலுவை அளப்பதிலும் ஓட்டை உண்டு. முழு மூச்சாக இழுங்கள் என்றால், வலிக்குப் பயந்தவர் இழுக்கமாட்டார். அந்தத் தயக்கமும் சோர்வாகவே பதிவாகும். அதற்கு மாற்று மெர்ட்டனிடமே இருக்கிறது: முழு முயற்சியின் நடுவே நரம்புக்கு ஒரு மின் அதிர்ச்சி கொடுப்பது. விசை சட்டென்று எகிறினால், அந்த மனிதர் தன் தசையை முழுக்கப் பயன்படுத்தவில்லை என்று பொருள். எகிறாமலே வலு குறைந்திருந்தால் களைத்தது தசைதான். அதிர்ச்சி சுருக்கென்று வலிக்கும், கூடுதல் கருவியும் பயிற்சியும் வேண்டும். ஆனாலும் ஒருவரின் வேலை நேரத்தையோ, காயத்திலிருந்து களத்துக்குத் திரும்பும் நாளையோ முடிவுசெய்யும் இடத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.