தேர்தலும் தெளிதலும்: குடிநோய் மீட்பில் இறைத்திருவுளம் குறித்த தமிழ்ச் சொல்லாட்சி

ஆய்வுச் சுருக்கம்

குடியிலிருந்து மீள்பவர் தம் வாழ்வில் இறைவனின் விருப்பம் யாது என வினவும்போது தமிழ் அவருக்கு எத்தகைய சொற்களை வழங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சித்தம்’, ‘திருவுளம்’, ‘தெளிதல்’, ‘ஒப்புரவு’ ஆகிய சொற்களின் வழக்காறு, இராஜாக்கமங்கலம் வட்டாரப் பின்புலத்தில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரு படிகளோடு வைத்து நோக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: குடிநோய், திருவுளம், தெளிதல், ஒப்புரவு, பன்னிரு படிகள், நாஞ்சில் நாடு.

முன்னுரை

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் அமைந்தது இராஜாக்கமங்கலம். மீனவர் வாழும் துறையும் தென்னை, பனைத் தோப்புகளும் அடுத்தடுத்து அமைந்த இவ்வட்டாரத்தில் கத்தோலிக்க ஆலயம், சீர்திருத்தத் திருச்சபை, நாட்டார் தெய்வக் கோயில், அய்யாவழி நிழல்தாங்கல் ஆகியன ஒன்றுக்கொன்று அயலிலேயே உள்ளன. குடியை விட்ட ஒருவர் ‘இனி என்னிடம் கடவுள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று கேட்கத் தொடங்கினால், அவ்வினாவுக்குரிய சொற்களை இந்நான்கு மரபுகளும் முன்பே ஆயத்தமாக வைத்துள்ளன. அச்சொற்கள் ஒரே பொருளன அல்ல. எச்சொல்லைக் கைக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து மீள்பவரின் நடைமுறையும் மாறுகிறது.

குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் காணாது நோயாகக் காணும் பார்வை தமிழகத்தில் பரவியதில், 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனைக்குப் பெரும்பங்கு உண்டு. ‘குடிகாரன்’ என்ற இடத்தில் ‘குடிநோயாளி’ என்ற சொல் அமர்ந்தபோது பழி குறைந்தது. எனினும் மீட்சிக்குப் பிந்தைய வினா அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. நோய் நீங்கிய பின் எவ்வாறு வாழ்வது என்பதை மருத்துவம் முழுமையாகச் சொல்லிவிட இயலாது.

அறநூல்கள் நின்ற இடம்

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. குடிப்பவனை ஊரும் தாயும் சான்றோரும் எவ்வாறு காண்கின்றனர் என்பதே அதன் முதன்மை நோக்கு. மது மயக்கத்தில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும் என்கிறார் வள்ளுவர். குடிநோயாளியோடு வாழ்ந்த எவரும் இவ்வுவமையை மறுக்கமாட்டார். அதற்கடுத்த குறள், தான் குடியாத வேளையில் குடித்தவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானா என வினவி நிற்கிறது. மீட்சிக்கு மிக அணுக்கமாக வரும் இடம் அதுவே. ஆனால் அதிகாரம் அவ்வினாவோடு முடிந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தவன் மறுநாள் என்ன செய்தான் என்பது நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

திருமந்திரத்தின் முதல் தந்திரம் கள்ளுண்ணாமையோடு நிறைவுறுகிறது. மயக்கும் கள்ளை விலக்கிச் சிவானந்தத்தை மெய்யான பருகுபொருளாகத் திருமூலர் காட்டுகிறார். சமயக் கவிதையில் இவ்வுருவகத்தின் ஆற்றல் பெரிது. மீள்பவரின் நோக்கில் இதில் ஓர் இடரும் உண்டு. ஒரு மயக்கத்துக்கு ஈடாக உயர்ந்த இன்னொரு பேரின்ப நிலையைத் தேடும் மனம், அந்நிலை வாய்க்காத வறண்ட நாளில் பழையதை நோக்கித் திரும்பக்கூடும். கட்டுரைகள் பலவும் இவ்வுருவகத்தைப் போற்றிக் கடந்துவிடுகின்றன. இவ்விடரை எடுத்துப் பேசுவது அரிது.

சித்தமும் திருவுளமும்

தூய சவேரியார் 1540களில் தென்கடற்கரை ஊர்களில் மறைப்பணி ஆற்றிய காலந்தொட்டு, இறைவனின் விருப்பம் நிறைவேற வேண்டும் என்னும் மன்றாட்டு இப்பகுதியில் தமிழில் ஒலித்து வருகிறது. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமமும் கத்தோலிக்கரின் பழைய செபங்களும் அவ்விருப்பத்தைச் ‘சித்தம்’ என்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘திருவுளம்’ என்றது. சைவரும் வைணவரும் நெடுங்காலம் ஆண்டுவந்த சொல் இது.

‘சித்தம்’ மனித மனத்தையும் குறிக்கும். சித்தப்பிரமை, சித்தசுவாதீனம் ஆகிய வழக்குகளை நோக்குக. ஆகவே ‘என் சித்தம்’, ‘உம் சித்தம்’ என்னும் எதிர்நிலை இயல்பாக உருவாகிறது. தன் சித்தம் தன் வசம் இல்லை என்பதை உடலால் அறிந்த குடிநோயாளிக்கு இவ்வெதிர்நிலை உடனே விளங்கும். ‘திருவுளம்’ என்பதிலோ ‘திரு’ என்னும் அடை அவ்வுள்ளத்தை மனிதருக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுகிறது. எட்டாததை அறியக் கருவி வேண்டும். திருவுளச் சீட்டு எடுத்தலும் பூக்கட்டிப் பார்த்தலும் அக்கருவிகளே. சித்தம் என்று சொல்லும் சபைகளும் இதற்கு விலக்கல்ல. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுத்து அதனை ஆண்டு முழுவதற்குமான இறைவாக்காகக் கொள்ளும் வழக்கம் அங்கும் உண்டு.

அடையாளத்தின் வழி திருவுளம் அறிதல் பொதுவாகத் தீங்கற்ற வழக்கமே. குடிநோயிலிருந்து மீள்பவருக்கு அது வேறு தன்மையுடையது. அவருடைய வேட்கை நல்ல உரையாசிரியன். எந்தச் சீட்டுக்கும் தனக்கேற்ற பொருளை உரைத்துவிடும். சபரிமலைக்கு மாலையிட்டவர் மண்டல விரதமான 41 நாளும் மதுவைத் தொடாதிருக்கிறார். கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டவரும் அவ்வாறே. மாலை கழன்ற அன்று, விரதத்தை முடித்துத் தந்த இறைவன் தனக்கு விடுதலையும் தந்துவிட்டான் எனப் பொருள் கொள்ளும் வாய்ப்பு அவர்முன் உள்ளது. பொருத்தனை காலவரையறை உடையது. நோய்க்கு அவ்வரையறை இல்லை. இதனால் பொருத்தனை பயனற்றது என்றாகாது. குடியில்லாத 41 நாள்கள் இயலும் என்பதை ஒருவருக்கு அவர் உடல்வழியே காட்டுவது சிறிய செயலன்று.

பன்னிரு படிகளின் வரிசை

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பில் தோன்றியது. அதன் மூல நூல் 1939இல் வெளிவந்தது. இவ்வியக்கம் கிளைத்த ஆக்ஸ்போர்டு குழுவில், காலை அமைதியில் உள்ளத்தில் எழும் எண்ணங்களைக் குறித்துக்கொண்டு அவற்றை இறைவழிகாட்டலாக ஏற்கும் பழக்கம் இருந்தது. புதிய இயக்கம் அப்பழக்கத்தைப் பெற்றுக்கொண்டது. அதன் மீது ஐயத்தையும் வளர்த்துக்கொண்டது. பயிற்சியற்றவர் தம் எண்ணங்கள் யாவற்றையும் இறைத்தூண்டலாகக் கருதி நகைப்புக்குரிய செயல்களில் இறங்கக்கூடும் என 1939ஆம் ஆண்டு நூலே எச்சரிக்கிறது. 1953இல் வந்த பன்னிரு படிகள், பன்னிரு மரபுகள் பற்றிய நூல் அவ்வெச்சரிக்கையை மேலும் அழுத்துகிறது.

இறைவிருப்பத்தை அறியவும் அதனைச் செய்யும் வலிமை பெறவும் மட்டுமே வேண்டுதல் என்பது பதினோராம் படி. இப்படியைத் தனியே பெயர்த்தெடுத்துத் தியான நெறியாகப் பேசுவோர் பலர். வரிசையில் வைத்துப் படிக்கும்போதே அதன் பொருள் திறக்கிறது. நான்காம் படி தன்னைப் பற்றிய கணக்கெடுப்பு. ஐந்தாம் படி அதனைக் கடவுளிடமும் தன்னிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளல். எட்டாம் படி, தீங்கிழைக்கப்பட்டோரின் பட்டியல். ஒன்பதாம் படி அவர்களுக்கு நேர்சீர் செய்தல். இவற்றுக்குப் பின்னரே இறைவிருப்பம் பற்றிய வினா வருகிறது. செயின்ட் லூயிஸ் நகர இயேசு சபைக் குரு எட்வர்ட் டவ்லிங் 1940இல் பில் வில்சனைச் சந்தித்தபோது, இப்படிகளுக்கும் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். இஞ்ஞாசியாரும் தேர்வுக்கு முன் பாவக் கணக்கை வைத்தவர். தீய ஆவி ஒளியின் தூதனாக வரும் எனவும், உள்ளம் வறண்ட வேளையில் முன்னைய தீர்மானத்தை மாற்றலாகாது எனவும் விதித்தவர்.

கத்தோலிக்கத் தமிழில் இந்நெறி ‘தேர்ந்து தெளிதல்’ எனவும் ‘தெளிந்து தேர்தல்’ எனவும் வழங்கக் காணலாம். முன்னது குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை நினைவூட்டும். ஆராய்ந்த பின் நம்பிக்கை கொள்ளுதல் அங்கே பொருள். அரசனுக்கு அது பொருந்தும். மீள்பவருக்குப் பின்னதே பொருந்தும். தமிழில் போதையும் தெளியும், நீரும் தெளியும், ஐயமும் தெளியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கி, குமரி மாவட்டத்தில் அக்கானி என அழைக்கப்படும் பதநீருக்குக் கொங்கு வட்டாரத்தில் ‘தெளுவு’ என்று பெயர். ‘தெளிவு’ என்பதன் திரிபாக அதனைக் கொள்ளலாம். சுண்ணாம்பு இல்லையேல் அதே பாளைச் சாறு கள்ளாகும். தெளிதல் முதலில், தேர்தல் பிறகு என்னும் வரிசையை இம்மொழி இவ்வாறு தன் அன்றாட வழக்கிலேயே வைத்திருக்கிறது.

ஒப்புரவு

ஒன்பதாம் படியைத் தமிழில் உணர்த்த ‘பரிகாரம்’, ‘ஈடுசெய்தல்’ ஆகியவற்றினும் ‘ஒப்புரவு’ தகுதியுடையது. பரிகாரம் கோயிலில் முடிந்துவிடும். ஈடு பணத்தில் முடிந்துவிடும். வள்ளுவர் ஒப்புரவை ஊரோடு ஒத்து வாழும் கடப்பாடாகக் கண்டார். மத்தேயு நற்செய்தியின் தமிழ்ப் பெயர்ப்பில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு செய்ய வேண்டியது ஒப்புரவாகுதல். கத்தோலிக்கர் பாவமன்னிப்புக்குரிய அருட்சாதனத்தையும் ஒப்புரவு என்றே அழைக்கின்றனர். மூன்று வழக்கிலும் எதிரே ஒருவர் நிற்கிறார். அவ்வொருவர் இல்லாமல் திருவுளம் அறிய முற்படுவது, வேட்கையை மீண்டும் தனி உரையாசிரியனாக அமர்த்துவதாகும். அய்யாவழிப் பதிகளில் சிலைக்கு ஈடாக வைக்கப்படும் நிலைக்கண்ணாடி வழிபடுபவருக்கு அவரையே காட்டுகிறது. ஐந்தாம் படி அக்கண்ணாடியின் அருகில் இன்னொரு மனிதரையும் நிறுத்துகிறது.

இங்கே படிகளின் வாசகத்தில் ஒரு குறை உள்ளது. நேர்சீர் செய்வது பிறருக்கு ஊறு விளைக்குமாயின் தவிர்க்கலாம் என ஒன்பதாம் படி விலக்களிக்கிறது. ஊறு விளையுமா என்பதை யார் முடிவு செய்வது? வாசகம் அதனை மீள்பவரிடமே விட்டுவிடுகிறது. 1939ஆம் ஆண்டு நூலில் மனைவியருக்கென ஓர் இயலே உண்டு. அதனை மனைவியின் குரலில் எழுதியவர் பில் வில்சனே. அடியுண்ட மனைவி, படிப்பு நின்ற மகள், நகையை இழந்த தாய் ஆகியோர் அப்பட்டியலில் பெயர்களாக உள்ளனர். பட்டியலைத் திருத்தும் உரிமையுடையோராக இல்லை. ஒப்புரவு என்னும் சொல்லைத் தமிழில் கொண்டால் அவ்வுரிமையையும் சேர்த்தே கொள்ள வேண்டியிருக்கும், ஏனெனில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்வது ஒப்புரவாகாது. துறையில் மீன் விற்ற பங்குப் பணத்தோடு வீடு திரும்புபவரிடம் மனைவி முதலில் கேட்பது அடகுச் சீட்டாக இருக்கலாம். அவர் எடுத்து வைத்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றி அவள் கேட்காமலே இருக்கலாம். அச்சீட்டு எப்போது மீட்கப்படும் என்பதற்கு நாள் குறிக்க வேண்டியவள் அவள்.