சோக்கைத் தொட்டுப் பார்ப்பவர்

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலும் அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டிலும் களையெடுக்கும் பெட்ரோல் பவர் வீடர் சில மாதம் கொட்டகையில் கிடந்தால் போதும், எஞ்சின் சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஊட்டிப் புல்தரையில் ஓடும் புல்வெட்டிக்கும் இதே கோளாறுதான்.

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். எனக்குப் பிடித்த இடம் அதுதான். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்பார். பிறகு, ஓடும் எஞ்சினில் காற்றுவழியைக் குறுக்கும் சோக்கைப் பாதி மூடுவார். திணறல் அடங்கினால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்திருக்கும், இல்லையேல் எங்கோ காற்று உள்ளே கசியும். கரும்புகை கக்கி அமுங்கினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு விரலசைவில் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது!

ஸ்பார்க் பிளக்கும் சொல்லும்: வெளிர் பழுப்பு நலம், கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் பற்றாக்குறை.

பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல்தான். தேங்கிக் கிடந்தால் பிசினாகப் படியும். இப்போது பங்கில் பிடிப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஜெட்டின் துளையோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதைக் கம்பியால் குத்துபவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். பித்தளை தேய்ந்து அளவு கெடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வெயிலுக்கு நேரே தூக்கி ஒளி தெரிகிறதா என்று பார்ப்பவரே தொழில் தெரிந்தவர்.

ஓரங்கட்டும்போதே டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வைத்தால் இவருக்குப் பாதி வேலை குறையும். வடிப்பவர்கள்தான் குறைவு.