இன்ஜின் உட்காரும் இடம்: கிட் கார் மரபின் பள்ளிகள்

இங்கிலாந்தில் கிட் கார் மரபின் கதை வரியில்தான் தொடங்குகிறது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்தில் புகுந்து பிழைத்த கார். 1973-இல் வாட் வரி வந்ததும் சலுகை மறைந்தது. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனாலும் வீட்டு ஷெட்டில் கார் கட்டும் பழக்கம் போகவில்லை. அந்த ஷெட்டுகளில் அன்றுமுதல் ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்றுதான்: எந்த இன்ஜின், அதை எப்படி உட்கார வைப்பது?

இதற்கு விடை தந்த சிந்தனைப் பள்ளிகளில் முதலாவதை ஃபோர்டு பள்ளி எனலாம். ஔண்டில் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ரான் சாம்பியன், 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996-இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் சதுரக் குழாயில் வெல்டிங் செய்த சேஸிக்கு மாற்றுவதே அவர் சொன்ன வழி. ‘லோகாஸ்ட்’ என்ற பெயரில் அது தனி இயக்கமானது. பல ஆண்டுகள் சேர்ந்து குடித்தனம் நடத்திய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் அப்படியே குடிபெயர்த்ததில்தான் அந்த வழியின் பலம் இருந்தது.

சிக்கல் பிறகு வந்தது. எஸ்கார்ட்டின் பழைய கிராஸ்ஃப்ளோ இன்ஜின்கள் அரிதாகி விலை ஏற, ஸ்கிராப் யார்டில் மலிவாகக் கிடைத்த ஃபோர்டின் ஜீடெக் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். ஜீடெக் முன் சக்கரம் இழுக்கும் கார்களில் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்த இன்ஜின். அதை நெடுக்காகத் திருப்பி, ஃபோர்டு சியராவின் டைப் 9 கியர்பாக்ஸில் பூட்ட வேண்டும். நல்ல வேளை, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல்ஹவுசிங், பழைய கிராஸ்ஃப்ளோவினுடையதே இதற்கும் பொருந்தும். அந்த மகிழ்ச்சி தண்ணீர்க் குழாய் வரைதான். ஜீடெக்கில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் முனையில் இருக்கிறது. குறுக்கே வைத்தபோது அங்கே தாராளமாக இடம் இருந்தது. நெடுக்கே வைத்தால் நேராக ஃபயர்வாலில் போய் முட்டுகிறது. அதற்காகவே ஒல்லியான மாற்று ஹவுசிங்குகளைச் செய்து விற்கிறார்கள்.

அடுத்தது இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப். செவன் வகைக் கார் தரையை ஒட்டி ஓடுவது, பானெட்டும் தாழ்வானது. இன்ஜினை உயர்த்தினால் பானெட் மூடாது, இறக்கினால் வேகத்தடையில் முதலில் அடிபடுவது சம்ப்தான். ஆகவே சம்பின் அடியை வெட்டிக் குட்டையாக்கி, குறைந்த எண்ணெய்க்கு ஈடாகப் பக்கவாட்டில் இறக்கைபோல் அகலம் சேர்த்து வெல்டிங் வைப்பார்கள். புதிதாய் இறங்கியவர்கள் பெரும்பாலும் இத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறைக்க வேண்டும். அதன் வாய் சம்பின் அடியைத் தொட்டுவிடவும் கூடாது, அதிகம் விலகி நிற்கவும் கூடாது. உள்ளே தடுப்புத் தகடும் வேண்டும். இல்லையென்றால் நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். பேரிங் கெடச் சில நொடிகள் போதும். காசு இருப்பவர்கள் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப்புக்குப் போய்விடுகிறார்கள்.

இன்ஜின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி என்று அடாப்டர் தகடு போடுகிறவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிராங்க் முனையில் டயல் கேஜை மாட்டி, பெல்ஹவுசிங்கின் துளை விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். மைய விலகலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 0.13 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதைத் தாண்டினால் கிளட்ச் உதறும், கியர் சிக்கும், இன்புட் பேரிங் சீக்கிரம் ஊளையிடும். போல்ட் இறுகிவிட்டது என்பதை இங்கே சான்றாகக் கொள்ள முடியாது. இருப்பிடத்தைத் தீர்மானிப்பவை டவல் பின்கள்.

வி8 பள்ளிக்கு மூதாதை 1962-இன் ஏசி கோப்ரா. பிரிட்டனில் அதன் நகல்களைக் கட்டியவர்கள் பலர் ரோவரின் அலுமினிய வி8-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். பியூக்கின் வடிவமைப்பில் பிறந்த எடை குறைந்த இன்ஜின் அது. இந்தப் பள்ளியின் தலைவலி அகலம். எக்ஸ்ஹாஸ்ட் குழாய்கள் இரு பக்கமும் இறங்குகின்றன. ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் அதே இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் கூட்டி ஷாஃப்ட்டை வளைத்து விடுவதே பெரும்பாலும் தீர்வு.

மோட்டார் சைக்கிள் பள்ளியை எனக்குப் பிடிக்கும், சிபாரிசு செய்யத்தான் தயக்கம். 1999-இல் வந்த சுசூகி ஹயபூசாவின் 1299 சிசி இன்ஜின், கியர்பாக்ஸோடு ஒரே கட்டியாக வந்துவிடுவதால் பெல்ஹவுசிங் கவலையே இல்லை. ஆனால் ரிவர்ஸ் கியர் கிடையாது. மின் மோட்டாரோ தனிப் பெட்டியோ வைக்க வேண்டும். பைக் வளைவில் சாய்வதால் எண்ணெய் சம்பின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, ஆகவே சம்ப் தொல்லை இங்கே இரு மடங்கு.

இப்போது செல்வாக்கோடு இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 பள்ளி. 1989-இல் வந்த அந்தக் காரில் இன்ஜின் நெடுக்காகவே இருக்கிறது, பின் சக்கரமே ஓட்டுகிறது. முதல்முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாஸ்டாவில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீண்ட சட்டம் ஒன்று பிணைக்கிறது. அதை விட்டுவிட்டால் கியர்பாக்ஸின் வாலைத் தாங்கப் புது மவுண்ட் வேண்டும். புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்கும்படி பார்க்கவும் வேண்டும். சமம் தவறினால் வேகம் ஏற ஏற அதிர்வு இருக்கையில் தெரியும்.

எந்தப் பள்ளியானாலும், கட்டிய கார் சாலைக்கு வரப் பரிசோதனை உண்டு: பிரிட்டனில் 1998-இல் வந்த எஸ்விஏவின் இடத்துக்கு 2009-இல் வந்த ஐவிஏ சத்தம், புகை, கூரான விளிம்பு எல்லாவற்றையும் அளக்கிறது. விளிம்பின் வளைவு 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதுவரை கணக்கு உண்டு. பரிசோதகர் கேட்காத ஒரு தரத்தைப் பழைய கைகள் தாங்களே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று பிளாக்கை முதலில் சேஸியில் தொங்கவிட்டு, மவுண்ட்டை வெறுமனே புள்ளி வெல்டில் பிடித்துவைப்பார்கள். பிறகு ஸ்பேனரோடு குனிந்து பார்ப்பார்கள்: ஆயில் ஃபில்டரைக் கையால் திருக முடிகிறதா, இன்ஜினை இறக்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற முடிகிறதா, சம்பின் வடிகால் போல்ட்டுக்குக் கீழே சேஸிக் குழாய் குறுக்கிடுகிறதா என்று. மூன்றும் சரியானால்தான் முழு வெல்டிங்.