புள்ளினத்தின் வழக்கு

கற்பனை செய்வது எளிது. பிறிதோர் உயிரின் அறிவைக் கற்பனை செய்வது அரிது. இவ்வுண்மையை எனக்கு அண்மையில் நினைவூட்டியவர் ஓர் இளைஞர். என்னிடம் முன்பு அரபு பயின்ற ஒருவரின் மகன். மதுரையில் பொறியியல் படிக்கிறார். விடுமுறையில் நிலக்கோட்டைக்கு வந்தவர், கையில் ஒரு குறிப்பேட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். “ஹஜ்ரத், நான் ஒரு பறவை இனத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு அரபுச் சாயலில் பெயர்கள் வேண்டும்” என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். நண்பர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதைத் தலைவராக இருந்து ஒரு கற்பனை உலகத்தை விவரிக்க, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அவ்வுலகில் நடமாடுகின்றனர். ஐயமான இடங்களைப் பகடை முடிவு செய்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் அமெரிக்காவில் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. இத்தகைய உலகில் மனிதரோடு வேறு அறிவுடைய இனங்களும் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றாகத் தம் கற்பனைப் பறவைகளைச் சேர்க்க அவர் விரும்பினார்.

குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆறடி உயரம், மயிலின் தோகை, மார்பில் கவசம், கையில் வாள், மலைமேல் ஓர் அரண்மனை, அதில் ஓர் அரசன். “தம்பி, இது மயில் வேடம் புனைந்த மனிதன் அல்லவா? பறவை எங்கே?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சற்று வாடியது. பின்னர், “அப்படியானால் பறவையின் அறிவு எப்படி இருக்கும், ஹஜ்ரத்?” என்றார். அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

முதலில், அந்த ஆட்டத்தை உருவாக்கியோர் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று பார்ப்போம். 1981இல் வெளிவந்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்னும் உயிரினத் தொகுப்பில் இரு பறவை இனங்கள் இடம்பெற்றன. ஒன்று ஆரகோக்ரா, மற்றொன்று கென்கு. ஆரகோக்ரா உயர்ந்த மலைகளில் வாழ்வது, வானில் தடையின்றிப் பறப்பது. ஆயின், மூடிய இடத்தைக் கண்டால் அதற்கு அடக்க முடியாத அச்சம். குகைகளையும் சுரங்கங்களையும் களமாகக் கொண்ட ஆட்டத்தில் இது பெரிய குறைபாடு. என்னைக் கவர்ந்தது இந்தக் குறைபாடே. வானத்தையே வீடாகக் கொண்ட உயிருக்குக் கூரை என்பது கல்லறையாகத்தான் தோன்றும். ஓர் உடலிலிருந்து ஓர் உள்ளம் பிறக்கும் விதத்தை இந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது.

கென்குவின் கதை வேறு. ஜப்பானியரின் தெங்கு என்னும் பறவை வடிவப் பூதத்தை அடியொற்றிய இவ்வினம், பிற்காலப் பதிப்புகளில் சபிக்கப்பட்ட காக்கை இனமாக மாறியது. அதற்குச் சிறகு இல்லை. சொந்தக் குரல் இல்லை. 2016இல் வந்த நூலின்படி, புதியதைப் படைக்கும் ஆற்றலும் இல்லை. தான் கேட்ட ஒலிகளையும் பிறர் பேசிய சொற்களையும் அப்படியே திருப்பி ஒலிப்பதே அதன் பேச்சு. நகைச்சுவைக்கு இது உதவலாம். தேர்ந்த ஆட்டக்காரர் கையில், கடன் வாங்கிய சொற்களைத் தக்க இடத்தில் பொருத்தும் நுட்பமாகவும் இது மலரலாம். எனினும் ஓர் இனம் முழுவதையும் எதிரொலியாக்கிவிட்டு, அதனை அறிவுடைய சமூகம் என அழைப்பது முறையாகாது. தவறு செய்த தனியொருவனுக்குத் தண்டனை தரலாம். பிறக்கும் குஞ்சுகள் அனைத்துக்கும் பேச்சை மறுப்பது கதையிலும் கொடுமையே. 2022இல் வந்த நூலில் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. கென்குகள் இப்போது தம் சொற்களிலேயே பேசலாம்.

இங்கு என்னையும் விலக்கிக்கொள்ள இயலாது. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு இலக்கணம் கற்பிக்கிறேன். விதியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, அவ்விதியைக் கொண்டு ஒரு புதிய வாக்கியம் அமைக்கச் சொன்னால் திகைத்து நிற்கும் மாணவர் எத்தனை பேர்! மனனம் நம் கல்வியின் முதுகெலும்பு. அதனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனனம் செய்த வாயிலிருந்து ஒரு புதிய கேள்வியும் எழாவிட்டால், ஆசிரியராகிய நாமும் கென்குகளையே உருவாக்குகிறோம்.

இனி, நம் மரபு இக்கேள்வியை எவ்வாறு அணுகியது? திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயமாகிய ‘அந்நம்ல்’ கூறும் ஹுத்ஹுத் பறவையின் வரலாற்றை வாசகர் அறிவர். நாம் கொண்டலாத்தி என்று அழைக்கும் பறவை அது. பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்ட சுலைமான் நபி (அலை) தம் பறவைப் படையைப் பார்வையிடும்போது ஹுத்ஹுத் காணப்படவில்லை. தக்க காரணம் காட்டாவிடில் கடுந்தண்டனை என்று அறிவிக்கிறார். திரும்பி வந்த பறவை மன்னிப்புக் கோரித் தொடங்கவில்லை. தாம் அறியாத ஒன்றைத் தான் அறிந்து வந்திருப்பதாகவே அது அவரிடம் கூறுகிறது. ஸபா நாட்டையும், அதனை ஆளும் பெண்ணரசியையும், அவளுடைய மகத்தான அரியணையையும், அம்மக்கள் சூரியனை வணங்குவதையும் விவரிக்கிறது. விவரிப்பதோடு நில்லாமல், அவர்கள் செய்வது பிழை என்று தீர்ப்பும் கூறுகிறது. சுலைமான் (அலை) அதனை உடனே நம்பிவிடவுமில்லை, புறந்தள்ளவுமில்லை. அது சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்காக அதனிடமே கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். சாட்சியை எவ்வாறு நடத்த வேண்டுமோ அவ்வாறே பறவையை நடத்துகிறார்.

அறிவுடைய பறவைக்கு வேண்டிய முதல் இலக்கணம் இங்கே கிடைக்கிறது: அது நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்ததையே அலகால் சொல்லும் உயிர் வெறும் அலங்காரம்.

இரண்டாம் இலக்கணத்தை விரிவுரையாளர்கள் தருகின்றனர். நிலத்தடியில் நீர் இருக்கும் இடத்தை ஹுத்ஹுத் அறியும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதாகத் தஃப்ஸீர் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. அதனைக் கேட்ட நாஃபிஃ இப்னு அல்அஸ்ரக் விடவில்லை. பூமிக்கடியில் உள்ள நீரைக் காணும் பறவை, சிறுவன் ஒருவன் மேலே மண்ணைத் தூவி மறைத்த கண்ணியைக் காணாமல் சிக்குவது ஏன் என்று மறித்துக் கேட்டார். விதி வரும்போது பார்வை மங்கும் என்பது அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். இறையியல் ஒருபுறம் இருக்க, படைப்பிலக்கியத்துக்கும் இது ஒரு சட்டம். எந்த ஆற்றலைக் கொடுத்தாலும் அதற்கு இணையான ஓர் இயலாமையையும் கொடு. அந்த இயலாமையிலிருந்துதான் கதை பிறக்கும்.

இதே சட்டம் இராமாயணத்திலும் தொழிற்படுவதைக் காணலாம். கிட்கிந்தா காண்டத்தில் வரும் சம்பாதி கழுகரசன், சடாயுவின் தமையன். கதிரவனை நெருங்கிப் பறந்தபோது தம்பியைத் தன் நிழலில் காத்துச் சிறகுகள் தீய்ந்தவன். பறக்க இயலாத அவன் கண்களுக்குக் கடலுக்கு அப்பால் இலங்கையில் இருக்கும் சீதை தெரிகிறாள். தேடிச் சென்ற வானரர் அனைவரும் அறியாத செய்தியை நகர முடியாத ஒரு கிழக்கழுகு சொல்கிறது. ஹுத்ஹுத், சம்பாதி ஆகிய இருவரும் தொலைவில் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியை அறியாதாருக்குக் கொண்டுவருபவர்கள் என்பது எண்ணத்தக்கது. இரு மரபுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பெற்றன என்று நான் வாதிடவில்லை. பறவையின் கண்ணையும் உயரத்தையும் கூர்ந்து கவனித்த சமூகங்கள் ஒரே முடிவுக்கு வந்துள்ளன என்றே கருதுகிறேன்.

இன்றைய அறிவியலும் இவ்வகையில் துணை நிற்கிறது. காக்கை, கிளி ஆகியவற்றின் மூளை சிறிதாயினும், அதில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன என்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நியூ கலிடோனியத் தீவின் காக்கைகள் குச்சியை வளைத்துக் கருவி செய்கின்றன. நமக்குப் புலனாகாத புற ஊதா ஒளியைப் பல பறவைகள் காண்கின்றன. நாம் வெறும் கறுப்பென்று காணும் சிறகில் அவை வேறு நிறம் காணக்கூடும். மறுபுறம், இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமான கானமயில் வகைகளே 20 கிலோவை ஒட்டி நின்றுவிடுகின்றன. ஆறடி மனிதனுக்குச் சிறகு ஒட்டினால் அவன் பறக்க மாட்டான் என்பது இதிலிருந்து விளங்கும். உடலைச் சிறிதாக்க வேண்டும். அல்லது பறத்தலைக் கைவிட வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அச்சமூகத்தின் வீடு, போர், முதுமை அனைத்தும் மாறிவிடும்.

இந்த அளவுகோலை நம் பேரிலக்கியங்கள்மீதும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. ஃபரீதுத்தீன் அத்தார் (ரஹ்) 12ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் இயற்றிய ‘மன்திகுத் தைர்’ காவியத்தில் பறவைகள் தம் அரசனாகிய சீமுர்கைத் தேடிப் புறப்படுகின்றன. ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து முப்பது பறவைகளே எஞ்சுகின்றன. பாரசீகத்தில் ‘சீ முர்க்’ என்றாலும் முப்பது பறவைகள் என்றே பொருள். ஆன்மிக இலக்கியத்தில் இதற்கு ஈடு காண்பது அரிது. ஆயினும் இங்குள்ள புல்புலும் மயிலும் ஆந்தையும் மனித மனத்தின் சாக்குப்போக்குகளுக்கு இட்ட பெயர்கள். ஆந்தை புதையலை விரும்புவது மனிதனின் பேராசை. எந்த ஆந்தையும் பொன்னைத் தேடியதில்லை. அத்தாரின் நோக்கம் வேறு என்பதால் இது குறையன்று. ஆனால் பறவைச் சமூகத்தைப் படைக்க விரும்புவோர் இக்காவியத்தை முன்மாதிரியாகக் கொண்டால் மீண்டும் சிறகு ஒட்டிய மனிதனிடமே வந்து சேர்வர்.

அவர்களுக்கு உதவக்கூடியது வேறொரு நூல். 10ஆம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினரின் மடல்களுள் ஒன்று விலங்குகள் மனிதர்மீது தொடுத்த வழக்கைக் கூறுகிறது. நீதிபதி ஜின்களின் அரசன். ஒவ்வோர் உயிரினமும் தன் தூதனை அனுப்புகிறது. மனிதர் தம் உணவின் சுவையைப் பெருமையாகப் பேசும்போது, அவ்வுணவுக்காக அவர்கள் படும் பாட்டையும் அதனால் அடையும் நோய்களையும் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டுகிறது. மறுமை வாழ்வு என்னும் வாதத்தால் இறுதியில் தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது. ஆனால் அதற்கு முன் பக்கம் பக்கமாக மனிதன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். இந்நூலை மௌலவி இக்ராம் அலி 1810இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக உருதுவில் பெயர்த்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மூன்றாம் இலக்கணம் இதுவே: அந்தப் பறவை இனத்துக்கு நம்மைக் குறைகூறும் உரிமை இருக்க வேண்டும். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது மறைவசனத்தின் கருத்து (6:38). சமுதாயம் என்றால் அதற்கென ஒரு நீதி உண்டு. அந்த நீதியின் முன் நாமும் நிறுத்தப்படலாம் என்று ஒப்பாதவரை, நாம் படைக்கும் எந்த இனமும் நம் கண்ணாடியாகவே இருக்கும்.

இவற்றை அந்த இளைஞரிடம் சொன்னேன். அடுத்த விடுமுறையில் அவர் வந்தபோது குறிப்பேட்டில் வாளும் அரண்மனையும் இல்லை. அவருடைய பறவைகள் முழங்கால் உயரமே இருந்தன. கால்விரல்களே அவற்றின் கைகள். எழுதும்போது பறக்க முடியாது. பறக்கும்போது எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. அவற்றின் மொழியில் வேலி என்பதற்குச் சொல் இல்லை. இரவில் அடையும் மரத்துக்கு மட்டும் பன்னிரண்டு சொற்கள். ஒரு வயலில் இறங்கிய பறவையை உழவன் விரட்டினால், அது தன்னை என்ன குற்றத்துக்காக விரட்டுகிறான் என்று புரியாமல் வழக்குத் தொடுக்கும்.

உடன் வந்திருந்த தந்தை இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் நிலக்கோட்டைக்கு அருகில் மல்லிகையும் மக்காச்சோளமும் பயிரிடுபவர். மயில்கள் அவர் கதிரைத் தின்றுபோன கதை ஊரறிந்தது. “மயிலுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. நீ வக்கீலாகவும் ஆகிவிட்டாய். எனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று மகனிடம் கேட்டார். மகன் சற்றே யோசித்தார். “அந்த மன்றத்தில் மனிதர் தரப்பு இன்னும் காலியாக இருக்கிறது, வாப்பா. நீங்கள் வந்து பேசுங்கள்” என்றார்.

கற்பனை இனம் ஒன்று நன்கு படைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. இல்லாத ஒரு பறவை, இருக்கும் ஓர் உழவரைத் தம் நியாயத்தை எண்ணிப் பார்க்க வைத்தது. மகனையும் தந்தையின் நட்டத்தை எண்ண வைத்தது. ஜின்களின் அரசன் முன் நடந்த வழக்கும் இதைத்தான் செய்ய முயன்றது. தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்தாலும், இரு தரப்பும் பேசக் கேட்ட மன்றமே நீதிமன்றம். பெயர்களைக் கேட்டு வந்த அவருக்கு நான் அளித்தது ஒரே ஓர் அரபுச் சொல்: ‘மன்திக்’. அதற்குப் பேச்சு என்றும் பொருள். தருக்கம் என்றும் பொருள். பறவைக்கு முதலாவதைக் கொடுப்பவர் இரண்டாவதையும் மறுத்தல் ஆகாது.