கொடுத்த இசையும் கொண்ட நாடும்

கோலா பிலாவிலோ சிரம்பானிலோ ஒரு பெண் குழந்தையின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் சென்றால், வாயிலில் சந்தனத்தோடு நிகழ்ச்சி நிரல் ஒன்றும் கையில் தருவார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று அதில் வரிசை இருக்கும். அந்த வரிசை வானத்திலிருந்து விழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையில் வாழ்ந்த உடன்பிறந்தார் நால்வர் அதனை ஒழுங்குபடுத்தித் தந்தனர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்பன அவர்தம் பெயர்கள். ஓதுவார், நட்டுவனார் மரபில் வந்தவர்கள். முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். நிரலில் பாடலின் இராகமும் தாளமும் தவறாமல் இருக்கும். இந்நால்வர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதைத் தமிழன்பர்களிடம் சொன்னால் உடனே ஒரு தடை எழும். "நால்வர் செய்தவற்றுள் பெரும்பகுதி தெலுங்கு ஆயிற்றே, அதைத் தமிழரின் இசை என்று எப்படிக் கொண்டாடுவது?" என்பர். தடையில் நியாயம் இல்லாமலில்லை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும், தமிழன் தன் ஊர் மேடையில் தன் மொழிப் பாட்டைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே பாடுபட்டன. அந்தப் பாடு வீண்போகவில்லை. ஆயினும், மேடையில் எம்மொழி ஒலிக்கவேண்டும் என்பது ஒரு கேள்வி. ஓர் இசை யார் கைவண்ணம் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் கண்ட விடையைப் பின்னதற்கும் வைத்துக்கொண்டதால், நமக்குச் சேரவேண்டிய ஒரு பெருமையை நாமே கணக்கிலிருந்து அடித்துவிட்டோம் என்று நான் எண்ணுகிறேன்.

இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை விளங்கக் காட்டும் வரலாறு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் இசை, கடல் கடந்து பிரான்சு, பர்கண்டி நாட்டு இசைப் புலவர்களை ஆட்கொண்ட வரலாறு அது. சற்றே விரித்துக் கூறினால், தஞ்சைக்குத் திரும்பும்போது வழி தெளிவாக இருக்கும்.

1415-இல் அஜின்கூர்ப் போரில் ஆங்கில மன்னன் ஐந்தாம் ஹென்றி வென்றான். 1420-இல் த்ருவா உடன்படிக்கை பிரான்சின் அரசுரிமையையே அவன் கையில் வைத்தது. 1422-இல் அவன் இறந்தபின், தம்பியாகிய பெட்ஃபோர்டு கோமகன் 1435 வரை பிரான்சில் ஆட்சிப் பொறுப்பை வகித்தான். அக்காலத்துப் பிரபுக்கள் படையோடு கோயில் பாடகர் குழுவையும் உடன்கொண்டு செல்வது வழக்கம். ஜான் டன்ஸ்டபிள் என்ற இசைப் புலவர் பெட்ஃபோர்டு கோமகனின் பணியில் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், இச்செய்தியை நமக்குத் தருவது இசைநூல் அன்று; வானநூல் ஏடொன்றில் உள்ள குறிப்பு. டன்ஸ்டபிள் வானநூலும் வல்லவர்.

ஆங்கிலேயரிடம் அப்படி என்ன புதுமை? பல குரல்கள் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும் முறை ஐரோப்பாவில் முன்பே இருந்தது. அதில் ச-ப, ச-ம, மேல் ச என்பனவே முழுப் பொருத்தம் உடையவை என்று கொண்டு அவற்றை ஊன்றுகோலாக வைத்தனர். இடையே குரல்கள் ஒன்றோடொன்று மோதினாலும் பொறுத்துக்கொண்டனர். ஆங்கிலேயரோ ச-க, ச-த ஆகிய மூன்றாம் ஆறாம் சுரப் பொருத்தங்களை எங்கும் நிரப்பினர், மோதலைக் குறைத்தனர். ஓசை குழைந்து இனித்தது. சிலம்பின் அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளைப் பகுத்த நம் உரையாசிரியர்கள் மூன்றையும் ஆறையும் பகையில் வைத்தனர். எண்ணும் முறையில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் இசை ஒற்றைக்குரல் வழியது என்பதையும் மறக்கக் கூடாது. என்றாலும், ஒரு நாட்டார் பகை என்று தள்ளியதை இன்னொரு நாட்டார் நட்பாக்கிக்கொண்டனர் என்ற எண்ணம் சுவையாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலேயர் இன்னொன்றும் செய்தனர். தேவாலய வழிபாட்டில் பாடப்பெறும் ஐந்து பகுதிகளைத் தனித்தனியே இசையமைப்பதே பழைய வழக்கம். அப்பகுதிகளின் அடியில் ஒரே மெட்டை இழையோடவிட்டு, அவற்றை ஒரு முழுமையாகக் கட்டும் முறையை டன்ஸ்டபிளும் லயனல் பவரும் அவர்கள் காலத்து ஆங்கிலேயரும் வளர்த்தனர். பின்வந்த நூறாண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த இசைப் புலவர் ஒவ்வொருவரும் தம் ஆற்றலைக் காட்டிய பெருவடிவம் இதுவே.

இவற்றையெல்லாம் ஆங்கிலேயர் சொல்லி நாம் நம்பவில்லை என்பதே முக்கியம். 1440-ஐ ஒட்டி, பர்கண்டிக் கோமகனுக்குத் தம் நெடும்பாட்டைக் காணிக்கையாக்கிய மார்த்தன் லெ ஃபிராங்க் என்ற பிரெஞ்சுக் கவிஞர், துஃபாயும் பன்ஷுவாவும் ஆங்கிலேயர் சாயலைத் தழுவி டன்ஸ்டபிள் வழியில் நடந்ததாகப் பாடினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத் திங்க்டோரிஸ் என்ற இசை இலக்கண ஆசிரியர், புதிய இசைக்கலையின் ஊற்று ஆங்கிலேயரிடம் இருந்தது என்றும் அவர்தம் தலைவர் டன்ஸ்டபிள் என்றும் எழுதினார். ஏடுகளும் இதற்கே சான்று பகர்கின்றன. ஆங்கில நாட்டில் மடங்கள் கலைக்கப்பட்ட பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்த சுவடிகள் பெரிதும் அழிந்தன. டன்ஸ்டபிளின் பாடல்களில் மிகுதியானவை இன்று நமக்குக் கிடைப்பது இத்தாலியின் திரெண்ட் முதலிய ஊர்களில் பிறர் படியெடுத்து வைத்துக்கொண்ட ஏடுகளில்தான். கொடுத்தவன் வீட்டில் இல்லாதது வாங்கியவன் வீட்டில் இருக்கிறது.

இப்பாடல்களின் மொழி எது? இலத்தீன். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட அவற்றில் இல்லை. இருந்தும் கேட்ட பிரெஞ்சுக்காரன் "இது ஆங்கிலேயர் இசை" என்று அடையாளம் கண்டான். அடையாளம் சொல்லில் இல்லை. ஓசையின் கட்டில் இருந்தது.

இனித் தஞ்சைக்கு வருவோம். நால்வருள் பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சையோடு பிணைந்து வாழ்ந்தனர். சின்னையா மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையைச் சேர்ந்தார். 1810-இல் பிறந்த இளையவர் வடிவேலு திருவனந்தபுரம் சென்றார். அங்கே அரசு செலுத்தியவர் சுவாதித் திருநாள். 1813-இல் பிறந்து 1846-இல் மறைந்தவர். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்ற பல மொழிகளில் பாடல் இயற்றியவராகப் போற்றப்படுபவர். புரவலரும் புலவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இருவரும் நாற்பதைத் தொடாமலே மறைந்தனர். டன்ஸ்டபிள் பிரான்சுக்கு நேரில் போனாரா என்பதைக்கூட அறிஞர்கள் ஊகிக்கவே வேண்டியிருக்கிறது. வடிவேலுவுக்கு அந்த ஐயம் இல்லை. 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

சுவாதித் திருநாளின் பதவர்ணங்களைப் பாருங்கள். வர்ணம் என்பது ஆடல் அரங்கின் நடுத்தூண். ஒரு பாதி இராகத்தின் இலக்கணம், ஒரு பாதி தலைவியின் ஏக்கம். ஜதிக்குக் கால் பேசவேண்டும், சொல்லுக்கு முகம் பேசவேண்டும். அரை மணிக்கு மேலும் நீளும் இப்பெருவடிவத்தை ஆடலுக்கு உகந்த முறையில் செப்பம் செய்தவர்கள் தஞ்சை நால்வர். திருவனந்தபுர அவையில் அதே கட்டு வேற்றுமொழியில், பத்மநாபன் முத்திரையோடு வருகிறது. மோகினியாட்டத்தின் நிரலையும் பாருங்கள்: சொல்கட்டு, ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானா. முதல் உருப்படியின் பெயர் மாறியிருக்கிறது. வரிசையின் எலும்புக்கூடு தஞ்சையினுடையது. ஆங்கிலேயர் ஐந்து வழிபாட்டுப் பகுதிகளை ஒரு முழுமையாக்கினர் என்றோமே, அதற்கு நேரான செயல் இது. தனிப்பாட்டைக் கொடுப்பதைவிடப் பாடல்களைக் கோக்கும் ஒழுங்கைக் கொடுப்பது பெருங்கொடை என்பது என் துணிபு. பாட்டு மறக்கப்படலாம், ஒழுங்கு, வாங்கியவனின் சொந்தப் பழக்கமாகவே ஆகிவிடும்.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். பெருமை பேசும் ஆர்வத்தில் சான்றை மீறிவிடுகிறோம். வடிவேலு வயலினைத் தஞ்சைப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் கற்றார் என்று பல கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். சுவார்ட்ஸ் மறைந்தது 1798-இல். வடிவேலு பிறந்தது 1810-இல். ஆண்டைக் கூட்டிப் பார்க்காமல் ஒருவர் எழுத, மற்றவர் அதைப் படியெடுத்தனர். அன்றியும், திருவனந்தபுரத்துக்குத் தஞ்சை இசை சென்றது வடிவேலு ஒருவராலேயே என்பதும் பிழை. மன்னரின் இளமை ஆசிரியராக இருந்து பின் திவானுமான சுப்பாராவ் தஞ்சாவூர்க்காரர், மராத்தியர், இசையும் அறிந்தவர். அவர் போன்ற பிறரும் அங்கே இருந்தனர். தஞ்சை என்ற சொல்லுக்குள் தமிழரும் மராத்தியரும் தெலுங்கரும் அடங்குவர். அதை மறைத்துப் பெறும் பெருமை நமக்கு வேண்டாம்.

எதிர்த்திசையிலும் மிகை உண்டு. 1980-களில் வீணை எஸ். பாலசந்தர், சுவாதித் திருநாள் பாடலாசிரியரே அல்லர் என்று வாதாடினார். பெரும் பூசல் எழுந்தது. பல பாடல்களின் பழைய மெட்டு மறைந்துபோக, முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் இருபதாம் நூற்றாண்டில் புது மெட்டு அமைத்தது உண்மை. அதிலிருந்து மன்னர் ஒன்றுமே செய்யவில்லை என்ற முடிவுக்குத் தாவுவது முறையன்று. இதற்கும் ஆங்கிலேயர் வரலாற்றில் ஓர் ஒப்புமை கிடைக்கிறது. "காபுட்" என்ற வழிபாட்டு இசைத் தொகுதி நெடுங்காலம் துஃபாயின் பெயரில் வழங்கியது. 1950-இல் புக்காஃப்சர் என்ற ஆராய்ச்சியாளர் அதன் அடிமெட்டு ஆங்கில நாட்டுச் சாலிஸ்பரித் தேவாலயத்தின் வழிபாட்டு மரபைச் சேர்ந்தது என்று கண்டார். பின்னர், தொகுதியே பெயர் தெரியாத ஓர் ஆங்கிலேயரின் படைப்பு என்ற முடிவு நிலைபெற்றது. அதனால் துஃபாய் சிறியவராகிவிடவில்லை. அவர் கணக்கில் ஒன்று குறைந்தது, அவ்வளவே. வடிவேலுவின் பங்கை ஒப்புக்கொண்டால் சுவாதித் திருநாளுக்கும் குறை வந்துவிடாது.

திங்க்டோரிஸ் ஆங்கிலேயரைப் புகழ்ந்தார் என்றேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. பிரெஞ்சுக்காரர் நாளும் புதியன செய்துகொண்டிருக்க, ஆங்கிலேயர் பழைய முறையையே பற்றிக்கொண்டிருப்பது கற்பனை வறுமை என்றும் சேர்த்தே எழுதினார். தமிழிசை பற்றிய நம் சொற்பொழிவுகளில் இப்படிப்பட்ட சான்றுகளின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. கேரளத்தார் தஞ்சை வரிசையை வாங்கிக்கொண்டபின் சும்மா இருக்கவில்லை. காவாலம் நாராயணப் பணிக்கர் போன்றோர் சோபான இசையே மோகினியாட்டத்துக்கு உரியது என்று வலியுறுத்த, கனக் ரேலே அதை அரங்கில் செய்து காட்டினார். வாங்கியவர் வாங்கியதையே கேள்வி கேட்கின்றனர். கொடுத்த நாமோ, நிரலை அச்சிட்டுக் கொடுப்பதோடு அமைகிறோம்.

ஆனால் பழைய வரிசையைப் போற்றுவது எல்லாமே வறுமை என்றும் சொல்லிவிட முடியாது. 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தின் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய பாலசரஸ்வதி, இவ்வரிசையை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் கருவறை முன் உள்ள பெரிய இடம். ஆடிப் பார்த்தவர் சொன்ன சொல் அது. திங்க்டோரிஸுக்கு ஏற்ற மறுமொழியாகவும் நிற்கும். தமிழ்ப் பாட்டுக்காகப் பிறந்த சங்கத்தின் மேடையிலேயே, தெலுங்கும் தமிழும் கலந்த தஞ்சை வரிசை தமிழர் செல்வமாக எடுத்துரைக்கப்பட்டதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நால்வரின் பாடல்கள் வழிவழியாக அக்குடும்பத்தாரிடம் காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் அச்சேறின. மரபில் வந்த பொன்னையா பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். அவற்றுள் தமிழ்ப் பாடல்களும் உண்டு; தஞ்சைப் பெருவுடையாரை நாயகராகக் கொண்ட ஆனந்தபைரவி வர்ணம் ஒன்றை இன்றும் ஆடுகிறார்கள். ஆண்டுதோறும் திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் நம் ஆசிரியர்கள், பண்ணின் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். அதே பிள்ளை சலங்கை கட்டி மேடையேறும் நாளில், நிரலின் கீழே நான்கு பெயர்களைச் சேர்க்க ஒரு வரி இடம் போதும்.

இலண்டனில் டன்ஸ்டபிளை அடக்கம் செய்த தேவாலயம் 1666-ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தது. அவர் கல்லறை வாசகம் அதற்கு முன்பே ஒருவரால் எழுதிவைக்கப்பட்டிருந்ததால், புதிதாகக் கட்டிய கோயிலில் 1904-இல் அதை மீண்டும் பொறித்து வைத்தார்கள்.